பாதிப் பணம் அரசினுடையது, படத்தை வாங்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தொழில் நடத்த முன்வரும் நிறுவனங்களுக்கு அரசுகள் இணைநிதி, அதாவது திட்டச் செலவில் ஒரு பகுதி, வழங்குவது பற்றிய செய்திகள் நாளிதழ்களில் இப்போது அடிக்கடி வெளிவருகின்றன. ஒதுக்கப்பட்ட தொகையும் ஏவப்படவிருக்கும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையும் தலைப்பில் இடம்பிடிக்கின்றன. அந்தப் பணத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் எதை எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்பது மட்டும் பேசப்படுவதே இல்லை. இத்தகைய விண்ணப்பங்களைத் தயாரிப்பதிலும், பிறர் தயாரித்தவற்றைப் படித்துக் கருத்துச் சொல்வதிலும் நெடுங்காலமாக ஈடுபட்டு வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விண்ணப்பம் தள்ளுபடியாவதற்கும், நிதி கிடைத்த பிறகும் திட்டம் பாதியில் நின்றுபோவதற்கும் தொழில்நுட்பக் குறையை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. படத்தையோ அதிலிருந்து பெறும் தகவலையோ காசு கொடுத்து வாங்கப்போவது யார் என்ற கேள்விக்கு, நிதி கேட்பவரும் கொடுப்பவரும் நேரான விடை சொல்வதில்லை.

இணைநிதி என்பது மானியம் போலத் தோன்றினாலும் அதன் கணக்கு வேறு. ஐரோப்பிய விண்வெளி முகமை வணிக ரீதியான புவி நோக்குத் திட்டங்களுக்கென்றே, அதாவது விண்ணிலிருந்து பூமியைப் பார்க்கும் திட்டங்களுக்கென்றே, 'இன்க்யூப்ட்' என்ற திட்டத்தை நடத்துகிறது. அதில் செலவின் ஒரு பகுதியைத்தான் முகமை ஏற்கும். மீதியை நிறுவனம் தன் கையிலிருந்தோ முதலீட்டாளரிடமிருந்தோ கொண்டுவர வேண்டும். நிறுவனம் எந்த உறுப்பு நாட்டைச் சேர்ந்ததோ அந்த நாட்டின் ஒப்புதலும் வேண்டும். இந்தியாவில் தனியார் விண்வெளி முயற்சிகளை ஊக்குவிக்கும் அரசு அமைப்பான இன்ஸ்பேஸ் 2025இல் அறிவித்த 500 கோடி ரூபாய் தொழில்நுட்ப ஏற்பு நிதியில் புத்தொழில் நிறுவனங்களுக்கும் சிறு, குறு நிறுவனங்களுக்கும் திட்டச் செலவில் 60 விழுக்காடு வரையிலும், பெரிய நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு வரையிலும், ஒரு திட்டத்துக்கு 25 கோடி ரூபாய்க்கு மிகாமலும் உதவி கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளோ இன்னும் நுணுக்கமானவை. தொழில்சார் ஆராய்ச்சிக்குப் பாதிச் செலவு வரை அரசு தரலாம். சந்தையை நெருங்கிவிட்ட சோதனை முறை மேம்பாட்டுக்குக் கால் பங்குதான். சிறு நிறுவனமானால் அதற்கு மேல் 20 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடும். அதாவது, பொருள் சந்தைக்கு அருகில் வர வர அரசு பின்வாங்க வேண்டும், வாங்குபவரின் பணம் முன்னே வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு விதியிலேயே பொதிந்திருக்கிறது. அந்த வாங்குபவர் யார் என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுவதுதான் முறை.

நடப்பில் என்ன காண்கிறோம்? செயற்கைக்கோளின் உணர்கருவி, அதன் அலைவரிசைகள், தரையில் எத்தனை மீட்டர் அளவுள்ள பொருளை அது பிரித்துக் காட்டும், ஒரே இடத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கும் என்பவற்றுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கப்படுகிறது. சந்தை என்ற தலைப்பின் கீழ் உலகச் சந்தையின் மொத்த மதிப்பு ஒன்றைப் போட்டு, அதில் ஒரு விழுக்காட்டைப் பிடித்தாலே போதும் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பின்னிணைப்பில் பயனாளர் கடிதங்கள் இருக்கும். அவற்றின் வாசகம் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும்: "தங்கள் முயற்சி பாராட்டுக்குரியது, சேவை தயாரானதும் பயன்படுத்திப் பார்க்க ஆர்வமாக உள்ளோம்." கையெழுத்துப் போட்டவருக்கு இதனால் ஒரு காசும் செலவில்லை. ஆகவேதான் இவ்வளவு எளிதாகக் கையெழுத்து கிடைக்கிறது.

பயனுள்ள கடிதம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பயிர்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இத்தனை சதுர கிலோமீட்டர் நெல் பரப்புக்கு, அறுவடைக்கு இத்தனை நாள் முன்பாக, ஒவ்வொரு காப்பீட்டு அலகுக்கும் விளைச்சல் மதிப்பீடு வேண்டும். வயலில் நேரில் எடுக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் முடிவோடு ஒப்பிட்டால் வேறுபாடு இந்த அளவைத் தாண்டக் கூடாது. இந்த நிபந்தனைகள் நிறைவேறினால் ஒரு பருவத்துக்கு இவ்வளவு தொகையை இந்தச் செலவுத் தலைப்பிலிருந்து தருவோம் என்று அது எழுதினால், விண்ணப்பத்தின் தொழில்நுட்பப் பகுதியே மாறிவிடும். மழைக்காலத்தில் மேகம் வயலை மறைத்துக்கொண்டிருக்கும் என்பதால் ஒளியியல் படத்தை மட்டும் நம்ப முடியாது, மேகத்தை ஊடுருவும் ரேடார் வேண்டும் என்பது அப்போதுதான் விண்ணப்பதாரருக்கே உறைக்கும். உணர்கருவியை முடிவு செய்துவிட்டு அதற்கொரு பயனாளரைத் தேடுகிற வழக்கம் இங்கேதான் கையைக் கடிக்கிறது.

அடுத்து, இலவசப் படங்களின் விஷயம். முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. 2008இல் அதன் படத் தொகுப்பை அமெரிக்கா உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் திட்டத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் இணை 10 மீட்டர் தெளிவுடன் 5 நாளுக்கு ஒருமுறை நிலப்பரப்பைப் படமெடுத்து விலையின்றித் தருகிறது. இந்திய விண்வெளிக் கொள்கை 2023இன்படி 5 மீட்டரும் அதற்கு மேலும் தரை இடைவெளி (படத்தின் ஒரு புள்ளி தரையில் குறிக்கும் அளவு) கொண்ட இஸ்ரோ படங்கள் எல்லோருக்கும் இலவசம். அதைவிடத் தெளிவானவை அரசு அமைப்புகளுக்கு இலவசம். இந்த நிலையில் தனியார் படத்தை ஒருவர் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதற்கு விண்ணப்பத்தில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். விடைகள் இல்லாமல் இல்லை. வேகமாகக் கிடைப்பது, குறிப்பிட்ட நாளில் கேட்டுப் பெறுவது, ஒரு மீட்டருக்கும் குறைவான தெளிவு, இலவசக் கருவிகள் பார்க்காத அலைவரிசை என்று பல உண்டு. இலவசத்தையே நம்பி இருப்பதிலும் ஆபத்து உண்டு. 2021 டிசம்பரில் அதே கோப்பர்னிக்கஸ் திட்டத்தின் சென்டினல்-1பி ரேடார் செயற்கைக்கோளின் மின்வழங்கு அமைப்பு பழுதானது. அதற்கு ஈடான சென்டினல்-1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் படங்களையே மூலப்பொருளாகக் கொண்ட சேவைகளுக்கு வரத்து குறைந்தது. மாற்று மூலம் எது, அதன் விலை என்ன என்ற கேள்வியை மதிப்பீட்டுக் குழுக்கள் இன்னும் கண்டிப்பாகக் கேட்கலாம்.

வாங்குபவர் இல்லாமல் வணிகம் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்கா 1984இல் தனிச் சட்டம் இயற்றி லேண்ட்சாட்டைத் தனியார்மயமாக்கியது. ஈயோசாட் நிறுவனம் பொறுப்பேற்றது. ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பல்கலைக்கழகங்களும் சிறு பயனாளர்களும் விலகிக்கொண்டார்கள். 1989இல் நடத்துவதற்குப் பணமில்லாமல் செயற்கைக்கோள்களை அணைத்துவிடும் உத்தரவு வரை நிலைமை சென்றது. 1992இல் புதிய சட்டத்தின் மூலம் அரசே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் அரசு ஆதரவோடு உருவான ரேப்பிட்ஐ நிறுவனம் வேளாண்மையை முக்கியச் சந்தையாகக் கருதி, 2008இல் ஐந்து செயற்கைக்கோள்களை ஒரே ஏவலில் செலுத்தியது. கருவிகள் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் 2011இல் நிறுவனம் நொடித்துப்போய்க் கைமாறியது. சொத்து வானில் சுழன்றுகொண்டிருக்க, கணக்குப் புத்தகத்தில் கடன் நின்றது.

கனடா வேறு விதமாக நடந்துகொண்டது. ரேடார்சாட்-2 செயற்கைக்கோளை எம்டிஏ நிறுவனமும் கனடிய விண்வெளி முகமையும் கூட்டாக உருவாக்கின. 2007 டிசம்பரில் அது ஏவப்பட்டது. அரசு தந்த பணத்துக்கு ஈடாக, செயற்கைக்கோளின் ஆயுட்காலத்தில் அரசுக்குப் படங்கள் தரப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. கடற்பனிக் கண்காணிப்பு போன்ற அரசின் அன்றாட வேலைகளுக்கு அந்தப் படங்கள் பயன்பட்டன. இங்கே இணைநிதியும் முன்கூட்டிய கொள்முதலும் ஒன்றாகிவிடுகின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 'நெக்ஸ்ட்வியூ' ஒப்பந்தங்களும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் வேர்ல்ட்வியூ-1, ஜியோஐ-1 ஆகிய செயற்கைக்கோள்களைக் கட்டி எழுப்பின. இந்த வழியிலும் மேடு பள்ளம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பியிருந்த, அவற்றின் உரிமையாளர்களான டிஜிட்டல்குளோப், ஜியோஐ ஆகிய இரு நிறுவனங்களும், 2012இல் அந்த வாடிக்கையாளர் செலவைக் குறைத்தபோது தனித்தனியே நிற்க முடியாமல், 2013 தொடக்கத்தில் ஒன்றாக இணைந்தன. இருந்தாலும், வாங்குபவரே இல்லாத திட்டத்தை விட ஒரே வாங்குபவர் உள்ள திட்டம் மேல் என்பதே என் முடிவு.

இந்தியாவின் அண்மைய நிகழ்வு ஒன்றையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். 12 செயற்கைக்கோள்கள் கொண்ட புவி நோக்குத் தொகுதியைத் தனியாரோடு சேர்ந்து அமைக்க இன்ஸ்பேஸ் ஒப்பந்தப்புள்ளி கோரியது. அரசின் பங்காக 350 கோடி ரூபாய் வரை தர ஏற்பாடு இருந்தது. 2025 ஆகஸ்டில் தேர்வான பிக்ஸல் தலைமையிலான கூட்டமைப்பு, அரசுப் பணமே வேண்டாம் என்று சுழியத் தொகைக்குக் கேட்டு, தானே 1,200 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு செய்ய முன்வந்தது. இதைப் பலரும் பெருமிதத்தோடு வரவேற்றார்கள், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இணைநிதியை நாடாத நிறுவனம், போட்ட பணத்தை விற்பனையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதன் இயல்பான வாடிக்கையாளர்களான அரசுத் துறைகளுக்கோ நான் மேலே சொன்ன கொள்கைப்படி இஸ்ரோவின் தெளிவான படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தத் துறை, எந்தத் தேவைக்கு, எவ்வளவு காலத்துக்குத் தனியார் படங்களை வாங்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்வது, 350 கோடியைக் கொடுப்பதை விடவும் பெரிய உதவியாக இருக்கும்.

பணம் வந்துசேரும் நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. இணைநிதி பெரும்பாலும் கட்டம் கட்டமாக வருகிறது. வேலையை முடித்து, அறிக்கை கொடுத்து, ஆய்வுக்கூட்டம் நடந்து, தணிக்கையாளர் கையெழுத்திட்ட பிறகே அந்தக் கட்டத்துக்கான தொகை விடுவிக்கப்படும். செலவில் பாதியை அரசு ஏற்கிறது என்று காகிதத்தில் இருந்தாலும், அந்தக் கட்டம் முடியும்வரை முழுச் செலவையும் நிறுவனமே சுமக்கிறது. இறுதித் தவணை இறுதி அறிக்கை ஏற்கப்படும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது. சம்பளம் அதுவரை காத்திருக்காது. இதைவிடக் கொடுமை, ஏவுதலை ஒரு கட்டமாக வைப்பது. பகிர்வு ஏவலில் (ஒரே ராக்கெட்டில் பல செயற்கைக்கோள்கள் செல்வது) இடம்பிடித்துள்ள சிறு நிறுவனத்தின் கையில் ஏவும் தேதி இல்லை. முதன்மைச் செயற்கைக்கோள் தாமதமானால் இவர்களும் சேர்ந்து காத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் கருவி தயாராகிப் பெட்டியில் இருந்தது, சோதனை முடிவுகளும் கையில் இருந்தன. ஏவுதல் தள்ளிப்போனதால் தவணை வரவில்லை, தகவல் செயலாக்கக் குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். அதிர்வுச் சோதனையும் வெப்ப வெற்றிடச் சோதனையும் முடிந்து, கருவி ஏவலுக்கு ஒப்படைக்கப்பட்டதையே கட்டமாக வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. விண்ணப்பிப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைக் கேட்டுப் பெற வேண்டும். செயற்கைக்கோள் தரையோடு தொடர்புகொள்ளும் ரேடியோ அலைவரிசை ஒதுக்கீட்டுக்கான விண்ணப்பத்தையும் அப்போதே தொடங்கிவிடுவது நல்லது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழியாக நடக்கும் அந்த வேலை யாருக்காகவும் அவசரப்படுவதில்லை.

எல்லாத் திட்டத்துக்கும் வணிக வாடிக்கையாளர் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களிலும் வெள்ளப் பரப்பு வரைபடம் ஒரு பயனாக இடம்பெறுகிறது. கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும் பேரிடர்களின்போது, 2000ஆம் ஆண்டு முதல் செயல்படும் பன்னாட்டுப் பேரிடர் சாசனத்தின் கீழ் பல விண்வெளி முகமைகள் படங்களை இலவசமாகவே தருகின்றன. உயிர் காக்கும் அந்தத் தகவலுக்கு விலை கேட்பது சரியாகவும் இராது. அத்தகைய பணி அரசுக்குத் தேவையென்றால் அரசு முழு விலை கொடுத்து வாங்கட்டும். அதற்கு இணைநிதி என்று பெயரிட்டு, மீதிப் பாதியைச் சந்தையில் திரட்டு என்று ஒரு சிறு நிறுவனத்திடம் சொல்வது பொருந்தாது.

ஆகவே நிதி வழங்கும் அமைப்புகளிடம் இரண்டு கோரிக்கைகள். மதிப்பீட்டுக் குழுவில் விண்வெளிப் பொறியாளர்களோடு, படத்தை வாங்கக்கூடிய துறையின் நிதிப் பிரிவைச் சேர்ந்தவர் ஒருவரும் கட்டாயம் உட்கார வேண்டும்; "ஆர்வமாக உள்ளோம்" என்ற கடிதத்தின் எடை என்ன என்பது அவருக்குத்தான் தெரியும். மேலும், இணைநிதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் நிதி முடிந்த மூன்றாம் ஆண்டில் எத்தனை கட்டண வாடிக்கையாளர்களை வைத்திருக்கிறது, அவர்களில் அரசு சாராதவர்கள் எத்தனை பேர் என்ற விவரத்தை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி