லோங் பிராஞ்ச் ரைபிள்களை இனி அறுக்காதீர்கள்: ஒன்ராறியோவின் தமிழ்ச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பழைய படைத்துறை ரைபிள்களை வாங்கிச் சேர்த்து, பழுது பார்த்து, தமக்குப் பிடித்தவாறு மாற்றியமைக்கும் பொழுதுபோக்கு ஒன்ராறியோவில் வாழும் தமிழரிடையேயும் இடம்பிடித்து வருவதை நான் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறேன். துப்பாக்கி என்றாலே முகம் சுருங்கும் பெற்றோர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அதற்கான காரணத்தை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் உரிமம் எடுத்து, சட்டப்படி பூட்டி வைத்து, எண்ணெயிட்டுத் துடைத்து, அதை ஒரு பொறியாக இரசிக்கப் பழகியவர்கள் நீங்கள். ஆகவே இந்த மடல் உங்கள் பொழுதுபோக்குக்கு எதிரானது அன்று. படையில் இருந்த கோலத்திலேயே, குறைவுபடாமல் நம் கைக்கு வந்து சேரும் லீ என்ஃபீல்ட் ரைபிள்களை, குறிப்பாக இந்த மாகாணத்திலேயே செய்யப்பட்ட லோங் பிராஞ்ச் ரைபிள்களை, அறுத்தும் துளைத்தும் வேட்டைத் துப்பாக்கிகளாக மாற்றுவதை நிறுத்த வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

நம்மவர் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லிப் பழகிய இந்த ரைபிளின் போல்ட் அமைப்பை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தாழை, வகுத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, ஸ்கொட்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஒன்ராறியோவின் கோல்ட் என்ற ஊருக்கு வந்து வளர்ந்தவர். அந்த ஊர் இன்று கேம்பிரிட்ஜ் நகரின் ஒரு பகுதி. முதலாம் உலகப் போரில் கனடியப் படை தன் சொந்த ராஸ் ரைபிளோடு களமிறங்கியது. சேற்றில் அது இறுகிப்போய்ச் சிப்பாய்களைக் கைவிட்டதால், 1916இல் அதை விட்டு லீ என்ஃபீல்டுக்கு மாறியது. இரண்டாம் போர் மூண்டபின், 1940இல், ரொறன்ரோவுக்கு மேற்கே ஏரிக்கரையோரம் லோங் பிராஞ்ச் என்ற இடத்தில் ஸ்மோல் ஆர்ம்ஸ் லிமிட்டெட் என்ற அரச நிறுவனம் தொடங்கப்பட்டு, மறு ஆண்டிலேயே அங்கிருந்து லீ என்ஃபீல்டின் நம்பர் 4 மாதிரி ரைபிள்கள் வெளிவரத் தொடங்கின. அவ்வாறு ஏறத்தாழ 9 இலட்சம் ரைபிள்கள் செய்யப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயுதங்களைப் பரிசோதித்த கட்டடம் மட்டும் மிசிசாகாவின் லேக்‌ஷோர் வீதியில் இன்றும் நிற்கிறது. இப்போது அது கலை நிகழ்ச்சிகளுக்கான இடம். அந்த வழியாக நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் நம்மவர் பலருக்கு, தம் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் ரைபிள் அங்கே பிறந்தது என்பது தெரியாது.

போருக்குப் பின் இவற்றை வெட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. மலிவு விலையில் குவியல் குவியலாக உபரி ரைபிள்கள் விற்பனைக்கு வந்த காலம் அது. மூஸ் வேட்டைக்குப் போகும் ஒரு விவசாயிக்குப் புதிய வேட்டைத் துப்பாக்கி எட்டாத விலையாக இருந்தது. படை ரைபிளோ கைக்கு எட்டியது. குழலைக் கீழிருந்து தாங்கும் முன்கட்டையைப் பாதியாக அறுத்து, குழலை மேலே மூடும் மேல்கட்டையைக் கழற்றி வீசி, எடையைக் குறைத்துக்கொண்டு அவர் காட்டுக்குப் போனார். பர்மிங்காமின் பார்க்கர் ஹேல் போன்ற நிறுவனங்கள் இந்த மாற்றத்தையே தொழிலாக நேர்த்தியுடன் செய்தன. வீட்டுக் கொட்டகையில் வெட்டப்பட்டவை கணக்கில் அடங்கா. அன்றைய தேவைக்கு அது சரியான முடிவு. இன்று நிலைமை வேறு: புதிதாக ஒரு லோங் பிராஞ்ச் ரைபிள் இனிச் செய்யப்படப் போவதில்லை, வேட்டைக்கென்றே வடிவமைக்கப்பட்ட புது ரைபிள்களோ, முழுமையான ஒரு நம்பர் 4 ரைபிளை வாங்கி, அதற்குப் புதுக் கட்டையும் தொலைநோக்கியும் பொருத்தி முடிக்கும் செலவுக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன.

தொலைநோக்கி விடயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வெட்டுகள் அங்கேதான் தொடங்குகின்றன. நம்பர் 4 ரைபிள், கண்ணாடி இல்லாமல் குறிபார்க்கும் இரும்புச் சைட்டுக்காக வகுக்கப்பட்டது. தோட்டாக்களைக் கிளிப்போடு மேலிருந்து அழுத்தி நிரப்புவதற்காக போல்ட் ஓடும் உலோக உடலான ரிசீவரின் மேலே ஒரு பாலம் இருக்கிறது. தொலைநோக்கி அதற்கும் மேலே உயர்ந்துதான் நிற்க முடியும். பின்கட்டை தாழ்வானது. ஆகவே கன்னத்தைக் கட்டையில் பதித்தால் கண் தொலைநோக்கிக்கு எட்டாது, கண்ணை உயர்த்தினால் கன்னம் அந்தரத்தில் நிற்கும். இந்தத் தொல்லைக்காக ரிசீவரில் துளைபோட்டு மரை வெட்டியவர்கள், பிறகு அந்தப் பாலத்தையும் அராவித் தள்ளியிருக்கிறார்கள். இவ்வளவும் செய்து கிடைப்பது சுமாரான ஒரு வேட்டைத் துப்பாக்கிதான். மாறாக, கனடாவின் ஒதுக்குப்புறங்களில் பணிபுரியும் படைப்பிரிவினரான கனடிய ரேஞ்சர்கள் 1947 முதல், அதற்குப் பதிலாகப் புதிய சி19 ரைபிள் வந்து சேரும் வரை, வடதுருவக் குளிரில் இதே நம்பர் 4 ரைபிளை இரும்புச் சைட்டோடுதான் தூக்கித் திரிந்தார்கள்.

முன்கட்டையை அறுப்பதும் வெளித்தோற்றத்தோடு நிற்கும் காரியம் அன்று. இந்த ரைபிளில் குழல், கட்டையின் நுனியில் மேல்நோக்கிய சிறு அழுத்தத்தோடு தாங்கப்பட்டிருக்கிறது. ஆயுதப் பழுதாளர்கள் சில இறாத்தல் அழுத்தத்தை அளந்து பார்த்துச் செதுக்கிச் சேர்த்த பொருத்தம் அது. நுனியை அறுத்தால் அந்தத் தாங்கல் போய்விடும், குறி எங்கே விழும் என்பது பிறகு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

உங்களிடம் முழுமையான ரைபிள் ஒன்று இருந்தால், குண்டு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, நல்ல வெளிச்சத்தில் வைத்து ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள். ரிசீவரின் இடப்பக்கத்தில் மாதிரியின் பெயரும் லோங் பிராஞ்ச் என்பதும் ஆண்டும் இருக்கும். தொடர் எண்ணில் ஆங்கில எல் எழுத்து கலந்திருக்கும். அதே எண் போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் பொறிக்கப்பட்டிருந்தால், இரண்டும் ஒன்றாகவே வந்தவை என்று கொள்ளலாம். போல்ட்டின் தலையில் 0 முதல் 3 வரை ஏதோ ஓர் எண் தெரியும். தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்வதற்காக அளவு வாரியாகச் செய்யப்பட்ட தலைகள் அவை. பின்கட்டையில் எல் அல்லது எஸ் என்று ஓர் எழுத்து இருந்தால், அது நீளக் கட்டையா குட்டைக் கட்டையா என்பதைச் சொல்கிறது. எந்த எழுத்தும் இல்லாவிட்டால் பெரும்பாலும் சாதாரண அளவு. சி என்ற எழுத்துக்குள் அம்பு நிற்கும் முத்திரை கனடிய அரசின் உடைமை என்பதற்கான அடையாளம். மரத்தில் விழுந்த இந்த முத்திரைகளை இரண்டு தாள் உப்புத்தாள் ஒரு மாலைப் பொழுதில் அழித்துவிடும், எத்தனை பூச்சுப் பூசினாலும் அவை திரும்பி வாரா. அழுக்கேறிய கட்டைக்குத் துணியும், நாட்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்த்து ஊறவிடும் ஆளிவிதை எண்ணெயும் போதும்.

நம்பர் 4ஐக் குறுக்கி 'ஜங்கிள் கார்பைன்' ஆக்கும் ஆசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இளைஞர்களிடம் இதுதான் இப்போது மோகம். உண்மையான ஜங்கிள் கார்பைன், அதாவது குட்டையான நம்பர் 5 ரைபிள், இங்கிலாந்தின் ஃபசாக்கர்லியிலும் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையிலும்தான் படைக்காகச் செய்யப்பட்டது. எடையைக் குறைப்பதற்காக அதன் ரிசீவரிலும் குழலின் அடியிலும் உலோகத்தைக் கடைந்து எடுத்திருப்பார்கள். அந்தக் கடைசல் இல்லாமல், லோங் பிராஞ்ச் என்ற முத்திரையோடு, நுனியில் தீச்சுடரை மறைக்கும் கூம்பு மாட்டி நிற்கும் ரைபிள் தெரிந்தவர் எவரையும் ஏமாற்றாது. சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது: கனடாவில், அறுத்துக் குறுக்கிய ரைபிளின் குழல் 457 மில்லிமீட்டருக்கோ மொத்த நீளம் 660 மில்லிமீட்டருக்கோ குறைந்துவிட்டால், அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். நம்பர் 5இன் குழல் ஏறத்தாழ 478 மில்லிமீட்டர். அதைப் பார்த்து அளவெடுத்து அறுப்பவரின் கை தவறுவதற்கு இரண்டு சென்டிமீட்டர்தான் இடமிருக்கிறது.

மாற்றியமைக்கும் ஆசை உள்ளவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெட்டப்பட்ட ரைபிள்கள் துப்பாக்கிக் கண்காட்சிகளில் முழு ரைபிளைவிட மலிவாகவே கிடைக்கின்றன. துளை விழுந்த ரிசீவர், அறுபட்ட குழல் என்று வரலாற்று மதிப்பை ஏற்கெனவே இழந்தவற்றில் உங்கள் கைவண்ணத்தைத் தாராளமாகக் காட்டுங்கள்: புதுக் கட்டை செதுக்குங்கள், நீலப்பூச்சு ஏற்றுங்கள், விரும்பியதைப் பொருத்துங்கள். அவற்றிலேயே, மரம் மட்டும் அறுபட்டு, குழல் முழு நீளத்தோடு தப்பிய ரைபிள்களும் உண்டு. அப்படி ஒன்று கையில் சிக்கினால், முன்கட்டை, மேல்கட்டை, வளையங்கள், திருகாணிகள் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துப் பழைய கோலத்துக்கு மீட்பது, என் கருத்தில், இந்தப் பொழுதுபோக்கின் ஆகச் சிறந்த பகுதி. சுடுவதற்கு முன் துப்பாக்கிப் பழுதாளர் ஒருவரிடம் கொடுத்து, தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் இடையிலான இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். பழைய உபரித் தோட்டாக்களைச் சுட்டால், அவற்றின் உப்பு குழலைத் தின்றுவிடாமல் அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுங்கள்.

முழுமையான ரைபிளை வாங்கிவிட்டு, அதை வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியே தீர வேண்டும் என்று இப்போது நினைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அறுக்கும் வாளை எடுப்பதற்கு முன், அந்த ரைபிளை அப்படியே வேறொருவரிடம் கொடுத்து, ஏற்கெனவே வெட்டிய ரைபிள் ஒன்றைப் பண்டமாற்றாக வாங்கிக்கொள்ள முன்வாருங்கள். முழு ரைபிளைத் தேடுபவர்களும் வெட்டிய ரைபிளை வைத்திருப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். விலை வேறுபாட்டைப் பணமாகத் தீர்த்துக்கொண்டால் இருவருக்கும் வேண்டியது கிடைத்துவிடும். இருவரும் செல்லுபடியான உரிமம் வைத்திருப்பதும், 2022 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளபடி, ரைபிள் கைமாறுவதற்கு முன்கூட்டியே கனடாவின் துப்பாக்கிப் பதிவாளரிடம் குறிப்பு எண் பெறுவதும் கட்டாயம். ரைபிளைக் கொடுக்கும்போது, அது யாரிடமிருந்து, எந்தக் குடும்பத்திலிருந்து உங்களுக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
மிசிசாகாவிலிருந்து,
உங்களைப் போன்ற ஒரு சேகரிப்பாளர்