இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இலவசச் சட்ட ஆலோசனை கோரி மனு

அனுப்புநர்:
முகாம்வாழ் மக்கள் சார்பாக,
முகாம் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர்,
இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை,
சேப்பாக்கம், சென்னை.

பொருள்: குடியுரிமை, தாயகம் திரும்புதல், வெளிநாடு செல்லுதல் குறித்து முகாம்களிலேயே இலவசச் சட்ட ஆலோசனை ஏற்பாடு செய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் வழக்கறிஞன் அல்ல. 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தபோது எனக்கு ஏழு வயது. பிளஸ் டூ வரை இங்கேதான் படித்தேன். முகாம் வாசலில் ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர் வைத்துக் கடை நடத்துகிறேன். பன்னிரண்டு வருஷமாக முகாமில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். அந்தப் பழக்கத்தில், சட்டக் கேள்விகளையும் என்னிடமே கேட்கிறார்கள். அந்த வேலையை என்னிடமிருந்து எடுத்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மனு.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று எழுத மாட்டேன். 2021 ஆகஸ்ட்டில் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். ‘அகதிகள் முகாம்’ என்ற பலகை ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. உதவித்தொகை கூடியது, தகரக் கொட்டகை இருந்த பல இடங்களில் ஓட்டை ஒழுகாத வீடு வந்தது. நன்றி. ஆனால் வீடு கிடைத்த பிறகும் மனிதர்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை: ‘அடுத்தது என்ன?’ இதற்குச் சரியான பதில் சொல்ல முகாமுக்குள் ஆள் இல்லை. தவறான பதில் சொல்ல மட்டும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். பெயிண்டிங் வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். கையில் சுண்ணாம்புக் கறை கூடப் போகவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பிடிஎஃப்-ஐக் காட்டி, “அண்ணா, கலர்ல ரெண்டு காப்பி” என்றார். பார்த்தால் ஆஸ்திரேலியா விசா. அவருடைய பெயரிலேயே ஒரு எழுத்து தப்பு. பாஸ்போர்ட் எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. இருக்காதா பின்னே, அவரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. பாஸ்போர்ட் இல்லாதவருக்கு விசா!

எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அடித்துச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? சொன்னால் ‘பொறாமையில் பேசுகிறான்’ என்று ஆகிவிடுமோ என்றும் தோன்றியது. பிரிண்ட் போட்டுக் கொடுத்து இருபது ரூபாய் வாங்கிக்கொண்டேன். ஏஜெண்ட் வாங்கியது மூன்றரை லட்சம். மனைவியின் செயின், சீட்டுப் பணம், மீதி வட்டிக்கு. அடுத்த மாதம் அந்த ஏஜெண்டின் போன் அணைந்துவிட்டது. போலீசில் புகார் கொடுக்கவும் பயம்: ‘நீ ஏன் போகப் பார்த்தாய்?’ என்று முதலில் தன்னையே பிடிப்பார்களே என்று. இன்றைக்கும் அவர் கடைக்கு வந்தால் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்தத் தம்பிக்குப் பணம் மட்டும்தான் போனது, உயிர் தப்பியது என்றே வைத்துக்கொள்ளலாம். 2019 ஜனவரியில் கேரளாவின் முனம்பத்திலிருந்து 200-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போன படகு என்னவானது என்று இன்றுவரை தெரியாது. அதில் முகாம்களைச் சேர்ந்த குடும்பங்களும் இருந்தன. 2021-ல் கனடா என்று கிளம்பிய ஒரு படகு, இந்தியப் பெருங்கடல் நடுவே ராணுவத் தளம் இருக்கும் டியாகோ கார்சியா தீவில் போய் நின்றது. அதிலிருந்தவர்கள் ஏறக்குறைய மூன்று வருஷம் அங்கே கூடாரத்தில் கிடந்தார்கள். 2013 ஜூலைக்குப் பிறகு படகில் வருபவர்களைத் தன் நாட்டில் குடியமர்த்துவதில்லை என்பது ஆஸ்திரேலியாவின் அறிவித்த கொள்கை. ஊரறிந்த விஷயம்தான். ஆனால் ‘படகு வழி அடைபட்டுவிட்டது’ என்று முகாமில் உட்கார்ந்து, எங்கள் பேச்சில் சொன்ன அதிகாரியை நான் பார்த்ததில்லை. டீக்கடையில் உட்கார்ந்து ‘இந்தத் தடவை ஆஸ்திரேலியாக்காரன் கட்டாயம் உள்ளே எடுத்துடுவான்’ என்று சொன்னவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, போக வேண்டாம், இங்கேயே இருக்கிறோம் என்றால் அதற்கும் கேள்வி இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதை வைத்துத்தான் 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். 1983-க்கும் 1987-க்கும் இடையில் முகாமில் பிறந்தவர் அவர் ஒருவர்தானா? எங்கள் முகாமிலேயே அந்த வயதில் ஆட்கள் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழை நான்தான் லேமினேட் செய்து கொடுத்தேன். அதில் இருக்கும் தேதிக்கு இவ்வளவு மதிப்பு என்று அப்போது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்திலிருந்து வந்த, இந்திய வம்சாவளியினரின் கதை வேறு. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் குடியுரிமை பெற வேண்டிய குடும்பங்கள், கலவரத்தில் அடிபட்டு அகதிகளாக வந்துசேர்ந்தன. எங்கள் முகாமில் ஒரு ஆச்சி இருக்கிறார். பழைய பிஸ்கட் டின்னுக்குள், மடித்த இடமெல்லாம் செலோடேப் ஒட்டிய ஒரு தாள் வைத்திருக்கிறார், அவருடைய அப்பா கொடுத்த விண்ணப்பம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கொண்டுவந்து ஜெராக்ஸ் எடுப்பார். “இது போதுமா தம்பி?” என்று கேட்பார். 2019-ல் இப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆச்சியின் தாள் அந்த வழக்கோடு சேருமா, சேராதா? எனக்குத் தெரியவில்லை. “வச்சிருங்க ஆச்சி” என்று சொல்லி அனுப்புகிறேன்.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அகதி அட்டையில் செல்வராசா, ஆதாரில் செல்வராஜ், இலங்கைச் சான்றிதழில் செல்வராஜா. மூன்றும் ஒரே ஆள்தான் என்று யாரிடம் நிரூபிப்பது? இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருஷத்துக்குள் பதிய வேண்டும். தவறினால் தனி அனுமதி வாங்க வேண்டும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற தொண்டு அமைப்பினர் இந்த வேலையில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா முகாம்களின் எல்லாக் கதவுகளுக்கும் அவர்கள்தான் போக வேண்டும் என்று விடுவது நியாயமில்லை. போதாக்குறைக்கு, 2025 மே மாதம் தமிழகத்திலிருந்து முறைப்படி திரும்பிய எழுபது வயது தாண்டிய ஒருவரை யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனது குற்றமாம். செய்தி வந்த அன்று கடையில் ஒரே கூட்டம். “எங்களையும் பிடிப்பினமோ?” என்று கேட்டவர்களுக்கு நான் என்ன சொல்ல?

அப்புறம் வாட்ஸ்அப். 2025 செப்டம்பரில் மத்திய அரசின் விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு. அவ்வளவுதான். ஆனால் முகாமில் அது ‘எல்லாருக்கும் குடியுரிமை வந்திட்டுது’ என்று பரவியது. ஒரு வீட்டில் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள், நானும் சாப்பிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் அப்படி இல்லை என்று தெரிந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக் கரைக்கு வந்து மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டவர்கள் அந்தத் தேதிக்குள்ளேயே வரமாட்டார்கள். அவர்கள் நிலைமை என்ன என்பதையும் யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. நம் நாட்டிலேயே 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள் யார் என்று அதன் 12-வது பிரிவு சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் உண்டு. அந்தப் பிரிவு ‘நபர்’ என்றுதான் தொடங்குகிறது, ‘குடிமகன்’ என்று அல்ல. இதை நான் கவனித்தபோது திரும்பத் திரும்ப மூன்று தடவை படித்தேன்.

ஆகவே, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு பேசி, ஒவ்வொரு முகாமிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு வழக்கறிஞர் வந்து உட்கார ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். வருவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். மற்ற நாளில் ஆண்கள் பெயிண்டிங் வேலைக்கு விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள், ஒரு நாள் கூலி போனால் வீட்டில் அது தெரியும். வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்குள் வைக்க வேண்டாம், முகாமைக் கண்காணிக்கும் போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிரிவுக்காரர்களும் பக்கத்தில் இருக்க வேண்டாம். அவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ‘ஏஜெண்டிடம் பணம் கொடுத்துவிட்டேன்’ என்று அவர்கள் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பேசியது வெளியே போகாது என்று எழுத்தில் உறுதி தந்தால்தான் ஜனங்கள் வருவார்கள்.

போலீசில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே குடியிருக்கும் அகதிக் குடும்பங்களும் வந்து கேட்க அனுமதிக்க வேண்டும். முகாமில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளில் இருவருக்கு, ஒருவர் பெண்ணாக, சட்டத் தன்னார்வலர் பயிற்சி கொடுத்தால் இடைப்பட்ட நாட்களில் படிவம் நிரப்ப ஆள் இருக்கும். பிரசவச் சான்று, திருமணப் பதிவு போன்றவற்றைப் பெண்கள் என்னிடம் கேட்கத் தயங்குகிறார்கள், அது எனக்கே தெரிகிறது. எங்களைப் பற்றி மத்திய, மாநில அரசுகள் எந்த ஆணை போட்டாலும் அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். வருகிற வழக்கறிஞர், வழி இல்லாத இடத்தில் ‘இல்லை’ என்று நேரே சொல்பவராக இருந்தால் போதும். ‘பார்க்கலாம்’ என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் ஜனங்கள் ஏஜெண்டிடம் போகிறார்கள்.

எங்கள் முகாமில் ஒரு சமுதாயக்கூடம் இருக்கிறது. மேசை ஒன்று, நாற்காலி நான்கு, மின்விசிறி ஓடுகிறது. வருகிறவருக்கு ஜெராக்ஸ், பிரிண்ட் எதுவானாலும் என் கடையில் எடுத்துக்கொள்ளலாம். காசு வாங்க மாட்டேன், கலர் ஆனாலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முகாம்வாழ் மக்கள் சார்பாக

இணைப்பு: முகாம் மக்களின் கையொப்பத் தாள்கள்