ராயபுரம் ஸ்டேஷனை போன் பேக் கவரில் ஏற்றும்போது

அன்புள்ள மணிக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

போன் பேக் கவரில் அச்சடிக்க நீ அனுப்பிய ராயபுரம் ஸ்டேஷன் பழைய படம் அருமை. ஆனால் அது குறுக்குவாட்டுப் படம், பேக் கவரோ நெட்டுவாட்டம். இழுத்து நீட்டினால் தூண்கள் ஒட்டடைக்குச்சி மாதிரி ஆகிவிடும். அகலத்துக்குப் பொருத்தி, கட்டடத்தைக் கீழ்ப்பாதியில் உட்காரவைத்து, மேலே வானத்தை வளர்த்துக்கொள். பெரும்பாலான போனில் கேமரா ஓட்டை மேலே இடப்பக்கம்தான். அது வானத்தில் விழட்டும், கூரையில் விழக்கூடாது.

வாட்ஸப்பில் வந்த படம் அச்சுக்கு ஆகாது. 8 × 16 சென்டிமீட்டருக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 945 × 1890 பிக்சல் வேண்டும். அசல் போட்டோ அட்டையை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடு.

கறுப்பு வெள்ளையை அப்படியே அடிக்காதே. சாம்பல் நிறத்தைப் பல மை கலந்துதான் உண்டாக்குகிறது பிரிண்டர். கொஞ்சம் பிசகினாலும் பச்சையாகவோ சிவப்பாகவோ சாயும். லேசாக செபியா என்ற பழுப்புச் சாயல் ஏற்றினால் அந்தச் சாய்வு கண்ணில் படாது.

அலுமினியத் தகடு ஒட்டும் கவர் போதும். சப்ளிமேஷன் பேப்பரில், அதாவது சூட்டில் மையைத் தகட்டுக்கு மாற்றும் பேப்பரில், படத்தை இடவலம் புரட்டி அடிக்க வேண்டும். சாஃப்ட்வேரிலும் புரட்டி, பிரிண்டர் செட்டிங்கிலும் புரட்டினால் பழையபடி நேராகிவிடும், தகட்டில் இடவலம் மாறி விழும். பெயர்ப்பலகை இருந்தால் உடனே தெரியும். வெறும் கட்டடம் என்றால் தவறு தெரியாமலே விற்றுப்போகும். நம் ஊர் ஸ்டேஷனுக்கு அது நடக்கக்கூடாது.

தகட்டின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற பாதுகாப்புப் படலத்தை உரித்துவிட்டுத்தான் வை. சூடு தாங்கும் ஹீட் டேப் போட்டுப் பேப்பரைத் தகட்டோடு ஒட்டு. பேப்பர் நகர்ந்தால் ஒவ்வொரு தூணுக்கும் நிழல் மாதிரி இன்னொரு தூண் விழும். சூடாக்கி அழுத்தும் ஹீட் பிரஸ்ஸில் 190 டிகிரி செல்சியஸ், 60 விநாடியில் தொடங்கு. கறுப்பு பழுப்படித்தால் சூடு அதிகம், வெளிறினால் குறைவு. காசிமேட்டுக் கடற்காற்றில் பேப்பர் ஈரம் குடித்திருக்கும், அப்படியே அழுத்தினால் திட்டுத்திட்டாக வரும். முதலில் பேப்பரை மட்டும் 5 விநாடி லேசாகச் சூடு காட்டு.

"ராயபுரம், 1856" என்று போடப்போவதாக எழுதியிருந்தாய். அது ஸ்டேஷன் திறந்த வருஷம், படம் எடுத்த வருஷம் அல்ல. "1856-ல் திறந்தது" என்றே எழுது. விற்பதாக இருந்தால், படத்தின் பதிப்புரிமை முடிந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்.

முதல் தகடு வந்ததும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு, நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்