நீனா சிமோனை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டப் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பில்லி ஹாலிடே, மஹாலியா ஜாக்சன், சாம் குக் ஆகியோரைப் பற்றி நல்ல தகவல்கள். ஆனால் கட்டுரை முழுக்கத் துயரமும் நம்பிக்கையும்தான். கோபத்துக்கு இடமே இல்லை. பாடகியும் பியானோ கலைஞருமான நீனா சிமோனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

1963 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். அந்த ஆத்திரத்தில், ஒரு மணி நேரத்துக்குள் நீனா எழுதி முடித்த பாட்டு 'மிசிசிப்பி காட்டேம்' (Goddam என்பது ஆங்கிலத்தில் ஆத்திரத்தில் சொல்லும் வசைச்சொல்). 1964இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில், பெரும்பாலும் வெள்ளையர்களே உட்கார்ந்திருந்த அரங்கில் அதைப் பாடினார். மெட்டு, மேடை நாடகப் பாட்டு மாதிரி துள்ளிக்கொண்டு போகும். இது ஒரு நாடகப் பாட்டு, ஆனால் நாடகத்தை இன்னும் யாரும் எழுதவில்லை என்று நடுவில் அவரே சொல்கிறார். அரங்கம் சிரிக்கிறது. போகப் போக அந்தச் சிரிப்பு அடங்கிவிடுகிறது. அவசரப்படாதீர்கள், எல்லாம் மெதுவாக மாறும் என்று கறுப்பின மக்களுக்கு உபதேசம் செய்தவர்களை முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுகிறார். அந்த இசைத்தட்டைச் சில வானொலி நிலையங்கள் இரண்டாக உடைத்துத் திருப்பி அனுப்பின.

இந்தத் துணிச்சல் திடீரென்று வந்ததல்ல. நார்த் கரோலினாவில் சிறுமியாக முதல் பியானோ கச்சேரிக்கு உட்கார்ந்தபோது, முன்வரிசையில் இருந்த தன் பெற்றோரை வெள்ளையர்களுக்காக எழுப்பிப் பின்னால் அனுப்பியதைப் பார்த்தார். அவர்களைத் திரும்பவும் முன்னால் உட்காரவைத்தால்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டார். இதை அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

அப்புறம் 1969இல் நீனா வெளியிட்ட 'டு பி யங், கிஃப்டட் அண்ட் பிளாக்' என்ற பாட்டு. 34 வயதிலேயே இறந்துபோன தன் தோழி, நாடக ஆசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நினைவாக உருவாக்கியது. அதில் வெள்ளையர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நீ இளமையும் திறமையும் உள்ள கறுப்புப் பிள்ளை, அதை நினைத்துப் பெருமைப்படு என்று கறுப்பினப் பிள்ளைகளிடம் பேசுகிற பாட்டு அது. அதற்கு முந்தைய ஆண்டு, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நான்கு மாதத்தில், பாடகர் ஜேம்ஸ் பிரவுனும் சிறுவர்களைக் கூட்டிவந்து, கறுப்பாக இருப்பதில் பெருமை என்று உரக்கச் சொல்லவைத்துப் பதிவு செய்தார். அதனால் வெள்ளை ரசிகர்கள் பலரை இழந்ததாக அவரே சொன்னார்.

அடுத்தவரிடம் நியாயம் கேட்கும் பாட்டு ஒரு வகை. தன் பிள்ளையைத் தலைநிமிரச் சொல்லும் பாட்டு இன்னொரு வகை. கட்டுரையாளர் முதல் வகையோடு நின்றுவிட்டார். இரண்டாவதைப் பற்றியும் அவரே எழுத வேண்டும். எழுதும் முன் அந்த 1964 கார்னகி ஹால் பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி