'வரவில்லை' என்று எழுதுகிறவள் எழுதும் திறந்த மடல்

பொதுச் சுகாதாரத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் ஒரு மையத்தில் செவிலியராக இருக்கிறேன். மாதக் கடைசியில் உங்கள் மேசைக்கு வரும் கணக்கில் 'தொடர்ந்து வராதவர்கள்' என்று ஒரு பத்தி இருக்கிறதல்லவா, அதை நிரப்புகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பத்தியைப் பற்றித்தான் இந்த மடல்.

அதில் நான் பெயர் ஏற்றிய ஒருவர், சில மாதங்கள் கழித்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்த நிலையில் வந்தார். கூட வந்த மகளிடம், "ஏம்மா மாத்திரையை நிறுத்தினாரு?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். "அவரா நிறுத்தலைங்க சிஸ்டர். இங்க வந்தா அன்னிக்குச் சம்பளம் இல்ல. ரெண்டு மாசம் சேர்ந்தாப்புல லீவு கேட்டதுக்கு, இனி வேலைக்கே வர வேண்டாம்னுட்டாங்க" என்றாள். பதிவேட்டில் இதை எழுத இடமில்லை. 'வரவில்லை' என்ற ஒரு சொல்லுக்குத்தான் கட்டம் போட்டிருக்கிறது.

இந்த நோய்களின் சூழ்ச்சியே அவை வலிப்பதில்லை என்பதுதான். அழுத்தம் ஏறியிருக்கும், மனிதர் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதாகிக்கொண்டிருக்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணில் திரை விழும்போதோ கால்புண் ஆறாதபோதோதான் நோய் வாய் திறக்கும். அதுவரை, வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு வா என்று நாம் கேட்கிறோம். மாதச் சம்பளக்காரருக்கு அது அரை நாள் விடுப்பு. தினக்கூலிக்கு அது அன்றைய அடுப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் ரத்த அழுத்தம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது, படித்திருப்பீர்கள். 30 முதல் 79 வயது வரை உயர் அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர் ஐந்தில் ஒருவர். இத்தனைக்கும் அதற்கான மாத்திரைகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை, காப்புரிமை தீர்ந்தவை, மலிவானவை. ஆய்வகம் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது. மீதியிருப்பது, மாத்திரை கையிலிருந்து வாய்க்குப் போகும் தூரம்.

வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் ஒரு விதியை எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ, அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது. தலைகீழ் விதி. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. என் பதிவேட்டில் 'வரவில்லை' அடுக்கடுக்காக விழும் பக்கங்கள் எந்தக் குடியிருப்புகளுடையவை என்று பார்த்தால் அந்த விதி இன்னும் பிசகவில்லை.

பிசக வைத்தவர்களும் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்களுக்கு ஒரு சோதனை நடந்தது. அவர்களை மருத்துவமனைக்கு வரச் சொல்லவில்லை. அவர்கள் வழக்கமாக முடிவெட்டும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போய், அழுத்தம் பார்த்து, மருத்துவர்களோடு பேசிவைத்த முறைப்படி அங்கேயே மருந்தும் எழுதினார்கள். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடிதிருத்துநர் அறிவுரை சொல்லி, மருத்துவரைப் பார்க்கச் சொன்னதோடு நின்ற கடைகளில் 9 புள்ளிதான் இறங்கியது. 2018இல் வெளியான முடிவு இது. 'விழிப்புணர்வு' என்ற ஒரே தலைப்பில் முழு ஒதுக்கீட்டையும் செலவழிக்கும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் சுவரில் 'தினமும் நடங்கள்' என்று ஒரு சுவரொட்டி இருக்கிறது. எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்துவிட்டு வரும் பெண்கள் அதன் அடியில்தான் வரிசையில் நிற்கிறார்கள்.)

நான் கேட்பது பெரிய கட்டடமோ புதுக் கருவியோ அல்ல. அழுத்தம் கட்டுக்குள் வந்தவரை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது. பிறகு ஏன் 30 நாள் மாத்திரையைக் கொடுத்து மறுபடி மறுபடி வரிசையில் நிறுத்துகிறோம்? நிலைபெற்றவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்க அனுமதி தாருங்கள். வரிசை தானாகச் சுருங்கும், புதிதாக வருகிறவரிடம் நிதானமாகப் பேச எனக்கும் நேரம் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாளாவது வேலை முடிந்து திரும்புகிற நேரத்தில் மையம் திறந்திருக்கட்டும். பயிற்சியும் எழுதிவைத்த நெறிமுறையும் மருத்துவரின் மேற்பார்வையும் இருந்தால், செவிலியரும் மருந்தாளுநரும் அளவைக் கூட்டிக் குறைக்கலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கான ஆணையும் வேண்டும்.

முன்பதிவை முழுக்கச் செயலிக்கு மாற்றப்போவதாகக் கேள்விப்படுகிறேன். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்களிடம் வரும் பல பாட்டிமாருக்குப் போன் என்றால் மகனுடைய போன். அவன் வேலைக்குப் போனால் அதுவும் போய்விடும். நேரில் வருகிறவருக்கென்று சில சீட்டுகளை ஒதுக்காமல் அதைத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் கேட்கும் மொத்தச் சராசரி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. வசதியுள்ள பகுதிகள் நன்றாகச் செய்தால் சராசரி ஏறும். அடித்தட்டு அப்படியே கிடக்கும், அறிக்கை மட்டும் அழகாக இருக்கும். பகுதிவாரியாகக் கேளுங்கள், இடைவெளி எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள்.

புதிய பதிவேடு அச்சுக்குப் போகவிருப்பதாகச் சொன்னார்கள். போவதற்குள் 'வரவில்லை' கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். இரண்டு வரி எழுதுகிற அளவுக்கு அகலம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்