கேட்டது பெரிய ஸ்கிப், வந்தது சிறியது: கூடுதல் கட்டணம் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அம்மா காலமான பிறகு அவருடைய வீட்டைக் காலி செய்வதற்காக உங்களிடம் ஒரு வாரத்துக்கு ஸ்கிப் (வேண்டாத சாமான்களைப் போட்டு லாரியில் ஏற்றிச் செல்லும் பெரிய இரும்புத் தொட்டி) வாடகைக்கு எடுத்தேன். அதை நீங்கள் எடுத்துச் சென்ற மறுநாளே, அளவுக்கு மேல் ஏற்றியதாகச் சொல்லி ஒரு பில் வந்திருக்கிறது. அதை நான் கட்டப் போவதில்லை.

நான் பதிவு செய்ததும் பணம் கட்டியதும் 6 கன கெஜத் தொட்டிக்கு. ரசீதிலும் அப்படித்தான் இருக்கிறது. வாசலில் இறங்கியதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. டேப் வைத்து அளந்தேன். நீளம் 1.8 மீட்டர், உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. அது 4 கன கெஜத் தொட்டி. ஒரு கன கெஜம் ஏறக்குறைய 0.76 கன மீட்டர். அப்படியென்றால் ஒன்றரை கன மீட்டர் இடம் குறைந்துவிட்டது. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று முழுதாக அடங்கும் இடம் அது. டிரைவரிடம் சொன்னேன். "எல்லாம் கொள்ளும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால், மாற்றித் தர நான்கு நாள் ஆகும் என்றார்கள். உதவிக்கு வந்த சொந்தக்காரர்கள் அன்று ஒருநாள்தான் லீவு போட்டிருந்தார்கள்.

சரி என்று அம்மாவின் சோபாவை ரம்பத்தால் அறுத்தோம். அவர் தினமும் உட்கார்ந்த சோபா அது. அறுக்கும்போது என் கை நடுங்கியது. முழுதாக வைக்க இடம் இருந்திருந்தால் அதற்குத் தேவையே வந்திருக்காது. அப்படியும் விளிம்புக்கு மேல் ஒரு கட்டைகூட நீட்டிக்கொண்டிருக்காமல்தான் அடுக்கினோம். பழைய பேட்டரியையும் பெயின்ட் டப்பாக்களையும் ஸ்கிப்பில் போடக் கூடாது என்று தனியாக எடுத்து வைத்தோம்.

எடுக்க வேண்டிய நாளில் நீங்கள் வரவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் லாரி வந்தது. அதற்குள் இரவில் யாரோ ஒரு டயரையும் பாதி பெயின்ட் இருந்த இரண்டு டப்பாக்களையும் மேலே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கெடு முடிந்த அன்று மாலை நான் எடுத்த படத்தில் தொட்டி விளிம்போடு சமமாக இருக்கிறது. அந்தப் படத்தை இணைத்திருக்கிறேன். அப்புறம், அடியில் பலகை போடாமல் இறக்கியதில் வாசல் கற்கள் இரண்டு விரிசல் விட்டுவிட்டன. அந்தப் படமும் இருக்கிறது.

இந்த பில்லை ரத்து செய்யுங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வாடகை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுங்கள். கல்லைச் சரிசெய்ய ஆளும் அனுப்ப வேண்டும். பதினான்கு நாளுக்குள் பதில் வேண்டும். போனில் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்