சகோதரிகளின் உழைப்பை எழுத்தில் கொண்டுவாருங்கள்: ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் மிக்க ஆயர் பெருமக்களுக்கும் பங்குத்தந்தையர்க்கும்,

என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மூன்று மாதங்கள் அவரைப் பார்த்துக்கொண்டது அருள்சகோதரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லம். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டிவிடுவது, துணி மாற்றுவது என்று எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்தார் ஒரு சிஸ்டர். அறுபதைக் கடந்தவர். அவருக்கே முழங்கால் வலி. காலையில் கோவில் பீடத்தை ஒழுங்கு செய்வது, குருக்கள் இல்லத்துச் சமையலைக் கவனிப்பது, ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுப்பது ஆகியவையும் அவர் பொறுப்புதான் என்று பிறகு தெரிந்தது. ஒருநாள், "உங்களுக்கு லீவு எப்போ சிஸ்டர்?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அம்மாவின் தலையணையைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் பதில் சொல்லாத அந்தக் கேள்வியோடுதான் உங்களிடம் வந்திருக்கிறேன். இல்லத்தை நடத்திய சகோதரிகள் மீதோ அந்தப் பங்கின் மீதோ குற்றம் சொல்ல எழுதவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. ஆனால் அந்தச் சிஸ்டரின் வேலை நேரம் எவ்வளவு, அதற்காக அவருடைய சபைக்கு என்ன கொடுக்கப்படுகிறது, அவர் படுத்தால் யார் பார்ப்பார்கள் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. "அதெல்லாம் சேவைதானே" என்றார்கள். அவ்வளவுதான்.

இது ஏதோ ஓரிடத்து விஷயம் என்று நினைத்திருந்தேன். ஆனால் 2018 மார்ச்சில் வத்திக்கான் நாளிதழான 'லொசர்வத்தோரே ரொமானோ'வின் பெண்கள் மாத இதழே இதை எழுதியது. கர்தினால்கள், ஆயர்கள், குருக்களின் வீடுகளில் சகோதரிகள் விடியற்காலை முதல் இரவு வரை சமைத்து, துவைத்து, பரிமாறுகிறார்கள். பலருக்கு ஒப்பந்தமும் இல்லை, முறையான ஊதியமும் இல்லை என்று அது சொன்னது. படித்தபோது எனக்கு அந்த முழங்கால்தான் நினைவுக்கு வந்தது.

இந்தப் பெண்கள் மடத்தை விட்டு வெளியே வந்து பணி செய்யத் தொடங்கிய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1298-இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ், துறவறப் பெண்கள் எல்லோரும் அடைபட்ட மடத்துக்குள்தான் வாழ வேண்டும் என்று சட்டம் போட்டார். ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் அதை உறுதிப்படுத்தியது. நோயாளியைத் தேடிப் போக நினைத்த பெண்ணுக்கு வழி அடைத்திருந்தது. 1633-இல் பாரிஸில் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரிலாக்கும் பிறரன்புப் புதல்வியரைத் தொடங்கியபோது, அவர்களைத் துறவியர் என்று அழைக்காமலே விட்டதற்குக் காரணம் இதுதான். துறவியர் என்றால் மதில் வந்துவிடும். நோயாளிகளின் வீடே உங்கள் மடம், நகரத்துத் தெருக்களே உங்கள் அடைப்பு என்று வின்சென்ட் அவர்களுக்குச் சொன்னார். அந்தப் பணிக்கு முதலில் வந்தவர் மார்கரித் நாசோ, மாடு மேய்த்த பெண். வழிப்போக்கர்களிடம் எழுத்து கேட்டுக் கேட்டுத் தானே படிக்கக் கற்று, மற்றச் சிறுமியருக்கும் சொல்லிக்கொடுத்தவர். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையிலேயே படுக்க வைத்துக் கவனித்து, அந்த நோயிலேயே 1633-இல் இறந்தார். இப்படி வெளியே வந்து உழைத்த சபைகளை முழுமையான துறவற சபைகளாகத் திரு அவை ஏற்றுக்கொண்டது 1900-இல். இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைப்பு மட்டும் ஏற்கப்பட்டது, நிலை ஏற்கப்படவில்லை.

ஜான் ஜுகான் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் கதை என்னை இன்னும் உறுத்துகிறது. 1839-இன் குளிர்காலத்தில், பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில், பார்வையற்ற ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலையே கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1843-இல் சகோதரிகள் அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சபைக்கு வழிகாட்டிய குருவானவர் அந்தத் தேர்தலைத் தள்ளிவிட்டு வேறொருவரை அமர்த்தினார், பின்னாளில் நிறுவனர் தானே என்றும் சொல்லிக்கொண்டார். ஜான் தெருத்தெருவாகப் பிச்சை எடுத்து முதியவர்களுக்குச் சோறு போட்டார். 1852-க்குப் பிறகு அதுவும் இல்லை. தலைமை இல்லத்தில் 27 ஆண்டுகள் ஒதுங்கி இருந்தார். கூடவே இருந்த, புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெற்ற நவதுறவியருக்குக்கூட அவர்தான் சபையைத் தொடங்கியவர் என்று தெரியாது. 1879-இல் இறந்தார். 2009-இல் புனிதர் பட்டம் கொடுத்தோம். அவருடைய பொறுமையைப் போற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன். அந்தப் பொறுமை தேவைப்படும் நிலைக்கு அவரைத் தள்ளியது எது என்று எந்த மறையுரையிலும் கேட்டதில்லை.

சரி, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு ஊதியம் எதற்கு, அழைத்தலை வேலையாக மாற்றிவிடாதே என்பீர்கள். அந்த வார்த்தைப்பாட்டை அவர்கள் கடவுளுக்குக் கொடுத்தார்கள். மறைமாவட்டத்தின் செலவுக் கணக்கைக் குறைப்பதற்காக யாரும் அதைக் கொடுப்பதில்லை. ஒரு துறவி தன் உழைப்பால் ஈட்டுவது அவருடைய சபைக்குச் சேரும் என்று திருச்சபைச் சட்டம் 668 சொல்கிறது. அந்தப் பணத்தில்தான் வயதான சகோதரிகளுக்கு மருந்து வாங்க வேண்டும், இளையவர்களைப் படிக்க வைக்க வேண்டும். புது ஆட்கள் குறைந்து முதியவர்கள் கூடிவரும் சபைகளில் இது உயிர்ப் பிரச்சினை.

அப்புறம், நான் கேட்பது புதுமையான ஒன்றும் இல்லை. 1983-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 681-ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். ஆயர் ஒரு பணியைத் துறவற சபையிடம் ஒப்படைத்தால், ஆயரும் சபைத் தலைவரும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்ய வேண்டும். என்ன வேலை, எத்தனை பேர், பண விஷயம் எப்படி என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் கையில் கொடுக்கப்பட்ட சட்டம் இது.

எழுத்து இல்லாத இடத்தில் வேறு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. குருக்களாலும் ஆயர்களாலும் சகோதரிகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருப்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 பிப்ரவரியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தங்கும் வீடு மறைமாவட்டத்துடையது, சாப்பாடு பங்குத்தந்தை கொடுப்பது, கையில் பேருந்துக்குக்கூடக் காசு இல்லை என்றால், ஒரு இளம் சகோதரி எந்தத் துணிச்சலில் வாய் திறப்பார்? ஒப்பந்தம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் கிளம்பிப் போக முடியும் என்ற நிலையில் இருப்பவர்தான் "மாட்டேன்" என்று சொல்ல முடியும்.

1995-இல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலா பரவியபோது, பெர்கமோ நகரைத் தாயகமாகக் கொண்ட ஏழைகளின் சகோதரிகள் சபையில் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். நோயாளிகளையும் ஒருவரையொருவரும் கவனித்துக்கொண்டே இறந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் தங்களுக்காக எதுவும் கேட்க மாட்டார்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதைக் காரணமாகக் காட்டாதீர்கள்.

உங்கள் அலுவலகக் கோப்புகளில் ஒவ்வொரு கன்னியர் மடத்தோடும் செய்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், அதில் எழுதியபடி நடக்கிறதா என்று சபைத் தலைவியிடம் கேளுங்கள். பங்குத்தந்தை பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். ஒப்பந்தம் இல்லையென்றால் சபைத் தலைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள்: வேலை நேரம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, சபைக்கு மாதம்தோறும் சேர வேண்டிய தொகை, மருத்துவச் செலவு, முதுமைக் காலம். குருக்கள் இல்லத்துச் சமையல் இப்போது யார் தலையில் விழுந்திருக்கிறது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

அம்மா போன பிறகு நான் அந்த இல்லத்துக்கு இரண்டு முறை போய்வந்தேன். சிஸ்டர் இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். கட்டில்களின் எண்ணிக்கை குறையவில்லை.

பணிவன்புடன்,
உங்கள் இறைமக்களுள் ஒருத்தி